'தள்ளிப்போடலாம்' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? மோடலும் ஃபிரேசல் வெர்ப்பும் சேரும் இடம்

என் ஞாயிறு ஆங்கில வகுப்புக்கு வரும் தம்பி ஒருவர் இங்கே சிங்கப்பூரில் கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறார். ஒரு நாள் மாலை அவருடைய மேற்பார்வையாளர் கிளம்பும்போது, அடித்தளக் குழியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் இறைக்கும் பம்பைக் காட்டி, "யூ மஸ்ட் நாட் டர்ன் இட் ஆஃப்" என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பிக்கு அந்த வாக்கியத்தில் இருந்த ஒவ்வொரு சொல்லும் தெரியும். மஸ்ட் என்றால் வேண்டும். நாட் என்றால் இல்லை. டர்ன் ஆஃப் என்றால் அணைப்பது. மூன்றையும் கூட்டினார்: அணைக்க வேண்டியதில்லை. சரி, கட்டாயம் இல்லை, அணைத்தாலும் தப்பில்லை என்று எடுத்துக்கொண்டு, டீசல் ஏன் வீணாக வேண்டும் என்று பம்பை அணைத்துவிட்டுப் போய்விட்டார். இரவில் நல்ல மழை. காலையில் குழி நிரம்பிக் கிடந்தது.

கவனக்குறைவு என்று அவருக்குத் திட்டு விழுந்தது. உண்மையில் அவர் சொல் சொல்லாகக் கவனித்துத்தான் கேட்டிருந்தார். 'மஸ்ட் நாட்' என்பது 'கூடாது' என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அவரைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்: தமிழ்நாட்டில் படித்து, பெரியவரான பிறகு சிங்கப்பூருக்கு வந்து, பாடப்புத்தக ஆங்கிலத்தோடு தெரு ஆங்கிலத்தை எதிர்கொள்பவர்களுக்காக.

இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பாடமொழி. விளையாட்டுத் திடலிலேயே இதெல்லாம் காதில் விழுந்துவிடும். நாம் படித்தது வேறு. 'போஸ்ட்போன்', 'கேன்சல்', 'டாலரேட்', 'டிஸ்ட்ரிபியூட்' என்று படித்தோம். இங்கே பக்கத்து மேசைக்காரர் 'புட் ஆஃப்', 'கால் ஆஃப்', 'புட் அப் வித்', 'ஹேண்ட் அவுட்' என்கிறார். இவைதான் ஃபிரேசல் வெர்ப்: சாதாரண வினைச்சொல் ஒன்றின் பின்னால் ஒரு குட்டிச் சொல் வால்போல ஒட்டி, பொருளை மாற்றிவிடும். 1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அயல்மொழிக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் மிகுந்த சிரமம் தருவது இதுதான் என்று முன்னுரையிலேயே எழுதிவைத்தார். ஆகவே கஷ்டமாக இருக்கிறது என்றால் நீங்கள் மட்டும் இல்லை.

இதோடு மோடல் வினைகள், அதாவது வினைக்கு முன்னால் நின்று நம் 'லாம்', 'ணும்', 'முடியும்' போன்ற பொருளைத் தரும் சொற்கள், சேரும்போதுதான் அன்றாடப் பேச்சு உருவாகிறது. மோடல்கள் மொத்தம் 9: கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட். (இந்த 'குட்' கேனின் இணை. 'குட் மார்னிங்'கில் வரும் குட் வேறு.)

முதல் படி: உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள்

'பார்' என்றால் கண்ணால் காண்பது. 'பார்த்துக்கொள்' என்றால்? பிள்ளையைப் பார்த்துக்கொள், கடையைப் பார்த்துக்கொள். 'கொள்' ஒட்டியதும் பொருள் வேறெங்கோ போய்விட்டது. ஆங்கிலத்திலும் இதே கதைதான்: 'லுக்' என்றால் பார், 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள். 'தள்ளு' வேறு, 'தள்ளிப்போடு' வேறு. தள்ளிப்போடு என்பதுதான் 'புட் ஆஃப்'. விட்டுக்கொடு என்பது 'கிவ் இன்'. தமிழ் படிக்க வரும் ஒரு சீன நண்பருக்கு 'விட்டுக்கொடு' என்பதில் விடுவது எது, கொடுப்பது எது என்று விளக்கிப் பாருங்கள். அவர் படும் பாடும் நாம் 'கிவ் இன்'னில் படும் பாடும் ஒன்றே.

வேறுபாடு வரிசையில் இருக்கிறது. 'பார்த்துக்கொள்ளலாம்' என்பதில் முதலில் வினை, நடுவில் 'கொள்', கடைசியில் 'லாம்'. ஆங்கிலத்தில் அந்த 'லாம்' வண்டியின் முன்னால் வந்து பூட்டிக்கொள்ளும்: கேன், லுக், ஆஃப்டர். தமிழில் வாக்கியம் முடியும்வரை காத்திருந்தால்தான் லாமா, ணுமா, கூடாதா என்று தெரியும். ஆங்கிலத்தில் அந்தச் செய்தி முன்னாலேயே வந்து போய்விடும். நம் காது கடைசியில் காத்திருக்கும்போது அது நழுவிவிடுகிறது. ஆங்கிலம் கேட்கும்போது ஆளைக் குறிக்கும் சொல்லுக்கு அடுத்து வருவதைப் பிடியுங்கள். வகுப்பில் நான் முதலில் கொடுக்கும் பயிற்சி இதுதான். வேறு எதுவும் வேண்டாம், மோடலை மட்டும் காதில் பிடித்துச் சொல்லுங்கள் என்பேன்.

இரண்டாம் படி: மோடலுக்குப் பின் வினை மொட்டையாக நிற்கும்

இது சுலபம், வேகமாகக் கடந்துவிடலாம். மோடல் வந்துவிட்டால் வினையில் எதுவும் ஒட்டாது. 'ஷி கேன் பிக்ஸ் அப்' தவறு, 'ஷி கேன் பிக் அப்' சரி. 'யூ மஸ்ட் டு ஃபில் இன் த ஃபார்ம்' தவறு, நடுவில் உள்ள 'டு'வை எடுத்துவிடுங்கள். 'டு' வேண்டுமென்றால் 'ஹேவ் டு', 'நீட் டு' என்று போடலாம். அவை மோடலின் வேலையைச் செய்யும் சொற்கள், ஆனால் அந்த 9இல் சேராதவை.

இன்னொன்று, இரண்டு மோடல்கள் அடுத்தடுத்து வரக்கூடாது. 'நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ள முடியும்' என்பதை 'ஐ வில் கேன் பிக் இட் அப்' என்று சொல்பவர்கள் நிறைய. 'ஐ வில் பீ ஏபிள் டு பிக் இட் அப்' என்று சொல்லுங்கள். அதேபோல 'வீ மே ஹேவ் டு கால் இட் ஆஃப்', அதாவது ரத்து செய்ய வேண்டி வரலாம். இந்த 'மே ஹேவ் டு' அலுவலகத்தில் மிகவும் கைகொடுக்கும். கெட்ட செய்தியை முன்கூட்டியே பதமாகச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: 'இட்' எங்கே உட்காரும்

தேக்காவில் நின்றுகொண்டு நண்பருக்குப் போன் போடுகிறீர்கள். என்னை வந்து ஏற்றிக்கொள்ள முடியுமா? 'கேன் யூ பிக் அப் மீ' என்று வாயில் வரும். 'கேன் யூ பிக் மீ அப்' என்பதே சரி. மீ, யூ, ஹிம், ஹெர், இட், தெம் போன்ற சின்னச் சொற்கள் இவ்வகை வினைகளில் நடுவில்தான் உட்காரும். முழுப் பெயராக இருந்தால் இரண்டு இடத்திலும் வரலாம்: 'டர்ன் ஆஃப் த ஃபேன்', 'டர்ன் த ஃபேன் ஆஃப்', இரண்டும் சரி. 'டர்ன் ஆஃப் இட்' மட்டும் கிடையாது.

ஆனால் எல்லா வினையும் இப்படிப் பிரிந்து இடம் கொடுக்காது. 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்றுதான் சொல்ல வேண்டும், 'லுக் ஹிம் ஆஃப்டர்' கிடையாது. 'ரன் அவுட் ஆஃப்', 'புட் அப் வித்', 'கெட் பேக் டு' போன்ற மூன்று சொல் கூட்டங்கள் பெரும்பாலும் பிரியாது. எது பிரியும், எது பிரியாது என்று சொல்ல முழுசாகச் சரிப்படும் விதி இல்லை. அதனால் நான் ஒரு பழக்கத்தைச் சொல்லித் தருகிறேன். புதிதாக ஒன்றைக் கற்றால் நோட்டில் தனியாக எழுதாதீர்கள்; 'இட்' சேர்த்தே எழுதுங்கள். 'டர்ன் இட் ஆஃப்', 'ஃபில் இட் இன்', 'ஹேண்ட் இட் இன்', 'லுக் இன்டு இட்', 'ரன் அவுட் ஆஃப் இட்'. இப்படி எழுதிவிட்டால் பிரியுமா பிரியாதா என்பது சேர்ந்தே மனதில் பதிந்துவிடும். பிறகு முன்னால் எந்த மோடலை வைத்தாலும் வண்டி ஓடும்.

நான்காம் படி: 'லாம்', 'ணும்' இரண்டையும் பிரித்துப் பாருங்கள்

இங்கேதான் நாம் அதிகம் தடுக்கி விழுகிறோம். நேரம் எடுத்துப் படியுங்கள்.

'லாம்' என்றதும் 'கேன்' என்று வாய் போகிறது. ஆனால் தமிழ் 'லாம்' ஒன்றுக்கு மேற்பட்ட வேலை செய்கிறது. 'நீ போகலாம்' என்பது அனுமதி. 'மழை வரலாம்' என்பது ஊகம். 'சாப்பிடப் போகலாமா' என்பது யோசனை. 'மழை வரலாம்' என்பதை 'ரெய்ன் கேன் கம்' என்றால் ஒட்டாது. 'இட் மே ரெய்ன்' அல்லது 'இட் மைட் ரெய்ன்'.

ஃபிரேசல் வெர்ப்போடு சேரும்போது இது விவகாரமாகவே ஆகிவிடும். 'நாளைய கூட்டம் தள்ளிப்போகலாம்' என்று மேலாளரிடம் சொல்ல நினைக்கிறீர்கள். 'த மீட்டிங் கேன் பீ புட் ஆஃப்' என்கிறீர்கள். அவர் காதில் விழுவது, 'தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை, எனக்குச் சம்மதம்'. நீங்கள் சொல்ல வந்தது, 'தள்ளிப்போகும் போலிருக்கிறது'. அதற்கு 'த மீட்டிங் மே பீ புட் ஆஃப்' என்று வேண்டும். ஒரு சொல்தான் வேறுபாடு. ஆனால் தள்ளிவைக்கச் சொன்னது நீங்கள் என்று ஆகிவிடும்.

மே, மைட் இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இல்லை. மைட் சற்றே தயக்கமானது. 'ஐ மைட் டிராப் பை' என்றால் வந்தாலும் வருவேன், காத்திருக்காதே என்று பொருள். 'ஐ வில் டிராப் பை' என்றால் வருகிறேன், டீ போட்டு வை.

அடுத்து 'ணும்'. இது இன்னும் விரிவானது. கீழே உள்ள ஐந்தும் தமிழில் ணும்தான். ஆங்கிலத்தில் அப்படி இல்லை.

'அஞ்சு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வரணும்.' சூழ்நிலை என்னை நிர்பந்திக்கிறது: 'ஐ ஹேவ் டு பிக் மை டாட்டர் அப் அட் ஃபைவ்'. மஸ்ட் போட்டால் இலக்கணத் தவறில்லை, ஆனால் மேலதிகாரியிடம் சற்று அழுத்தமாக ஒலிக்கும். ஹேவ் டு போட்டால் என் விருப்பம் இல்லை, நிலைமை அப்படி என்பது புரியும்.

'தலைக்கவசத்தைப் போட்டுக்கணும்.' தளத்தில் விதி: 'யூ மஸ்ட் புட் ஆன் யுவர் ஹெல்மெட்'. மஸ்ட்டின் சொந்த இடம் இதுதான், விதியும் பாதுகாப்பும்.

'நீங்க சிகரெட்டை விடணும்ணா.' அக்கறையான அறிவுரை: 'யூ ஷுட் கிவ் அப் ஸ்மோக்கிங்'.

'இங்கேயே செட்டில் ஆகணும்.' ஆசை: 'ஐ வான்ட் டு செட்டில் டவுன் ஹியர்', இன்னும் நயமாக 'ஐட் லைக் டு செட்டில் டவுன் ஹியர்'. நேர்முகத் தேர்வில் 'ஐ மஸ்ட் செட்டில் டவுன் இன் சிங்கப்பூர்' என்று சொன்ன ஒருவரைத் தெரியும். கனவைச் சொன்னார், கட்டாயம்போல் ஒலித்தது.

'அவர் இந்நேரம் வந்து சேர்ந்திருக்கணும்.' எதிர்பார்ப்பு: 'ஹி ஷுட் ஹேவ் டர்ன்டு அப் பை நவ்'.

வாயைத் திறக்கும் முன் ஒரு நொடி கேட்டுக்கொள்ளுங்கள்: இது என்ன ணும்? நிலைமையா, விதியா, அறிவுரையா, ஆசையா, எதிர்பார்ப்பா? முதல் சில வாரங்கள் பேச்சு மெதுவாகும், பரவாயில்லை. அப்புறம் தானாக வரும்.

ஐந்தாம் படி: கூடாது, வேண்டியதில்லை

பம்புக்குத் திரும்புவோம். 'மஸ்ட் நாட்' என்பது தடை. 'டோன்ட் ஹேவ் டு' என்பது கட்டாயமின்மை. 'யூ மஸ்ட் நாட் டர்ன் இட் ஆஃப்': அணைக்கவே கூடாது. 'யூ டோன்ட் ஹேவ் டு டர்ன் இட் ஆஃப்': அணைக்க வேண்டியதில்லை, உன் இஷ்டம். மஸ்ட், ஹேவ் டு இரண்டும் நேர்மறையில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். மறுப்பு வந்ததும் எதிரெதிர் திசைக்குப் போய்விடுகிறார்கள். பிரச்சினை தமிழிலும் கொஞ்சம் இருக்கிறது. 'அணைக்க வேண்டாம்' என்று நாம் சொன்னால் அது தடையா, தேவையில்லை என்பதா என்பது தொனியைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் அதைத் தொனிக்கு விட முடியாது. இயந்திரம், உயரம், மின்சாரம் சம்பந்தப்பட்ட இடத்தில் சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கேளுங்கள்: 'ஸோ ஐ ஷுட் லீவ் இட் ஆன்?' அப்போ ஓடவே விட்டுடவா? இந்த ஒரு கேள்வி போதும்.

காதுக்கு ஒரு குறிப்பும் உண்டு. வேகமான பேச்சில் கேன் என்பது 'க்ன்' என்று தேய்ந்துபோகும், கான்ட் அழுத்தமாக வரும், கடைசி 'ட்' காதில் விழாமலும் போகலாம். சிங்கப்பூரில் பலரும் 'கேனாட்' என்று முழுசாகச் சொல்கிறார்கள். அது நல்ல பழக்கம், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

ஆறாம் படி: கேட்கும் விதம்

'கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?' என்பதில் உள்ள 'கொஞ்சம்', 'ங்க' இரண்டும் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'குட்' ஒன்றே செய்துவிடும்: 'குட் யூ மூவ் ஓவர் அ லிட்டில்?' கேன் நண்பருக்கு, குட் தெரியாதவருக்கும் மேலதிகாரிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'குட் யூ ஃபில் மீ இன்?' என்றால் நடந்ததைச் சொல்கிறீர்களா என்று பொருள். 'குட் யூ கெட் பேக் டு மீ பை ஃப்ரைடே?' என்றால் வெள்ளிக்குள் பதில் தருவீர்களா. இங்கே அலுவலக மின்னஞ்சல்களில் தயவுசெய்து பதில் தாருங்கள் என்ற பொருளில் 'கைன்ட்லி ரிவர்ட்' என்று நிறையப் பார்க்கலாம். எனக்கு 'கெட் பேக் டு மீ' என்பதே பிடிக்கும், எந்த ஊர்க்காரருக்கும் புரியும்.

சிங்கப்பூர்ப் பேச்சுக்கு என்று ஒரு வழி இருக்கிறது. 'கேன் ஆஃப் த ஏர்கான் ஆர் நாட்?' இதில் வினை காணாமல் போய், வாலே வினையாகிவிட்டது. காப்பிக்கடையில் அழகாக வேலை செய்யும், அதை ஏளனமாகப் பார்க்காதீர்கள். அதைப் பேசத் தெரிந்தால் இந்த ஊரில் நெருக்கம் வரும். அரசாங்கமே 2000இல் நல்ல ஆங்கிலம் பேசுவதற்கான இயக்கத்தைத் தொடங்கியது, இன்றும் சிங்கிலீஷ் என்ற இந்தப் பேச்சு ஆங்கிலம் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் நேர்முகத் தேர்விலும் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமும் 'குட் யூ டர்ன் ஆஃப் த ஏர்கான்?' தேவைப்படும். அதேபோல 'ஐ செண்ட் யூ ஹோம்' என்பதை 'ஐ கேன் டிராப் யூ ஆஃப்' என்றும், பள்ளியில் 'பாஸ் அப் யுவர் ஹோம்வொர்க்' என்பதை 'யூ மஸ்ட் ஹேண்ட் இட் இன்' என்றும் மாற்றிச் சொல்லிப் பழகுங்கள். இரண்டும் கையில் இருக்கட்டும்.

இன்னொரு சின்னத் திருத்தம்: மரியாதைக்காக 'ஐ வுட் பீ டிராப்பிங் பை டுமாரோ' என்று பலர் எழுதுகிறார்கள். நிச்சயமாக வருவதானால் வில் போடுங்கள். வுட் போட்டால் 'வந்திருப்பேன், ஆனால்' என்று ஏதோ தடை தொங்குவதுபோல் ஆகிவிடும்.

ஏழாம் படி: நடந்து முடிந்தது, அறிவிப்புப் பலகை

நடந்து முடிந்ததைப் பற்றிப் பேச மோடலோடு 'ஹேவ்' சேரும். பேருந்தில் இறங்கும்போது அட்டையைத் தட்ட மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் போய்விடும். அப்போது நொந்துகொள்வது: 'ஐ ஷுட் ஹேவ் டாப்டு அவுட்'. தட்டியிருக்கணும், தட்டவில்லை. 'ஐ மஸ்ட் ஹேவ் மிக்ஸ்டு அப் த டேட்ஸ்' என்றால் தேதியைக் குழப்பிக்கொண்டிருப்பேன் போலிருக்கிறது. இங்கே மஸ்ட் கட்டாயம் இல்லை, உறுதியான ஊகம்.

அறிவிப்புகளில் 'பீ' வரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி அருகே ஒட்டப்படும் தாளில் 'வாட்டர் சப்ளை வில் பீ டர்ன்டு ஆஃப்' என்று இருந்தால், அன்று வாளியில் தண்ணீர் பிடித்து வையுங்கள். 'மே பீ டர்ன்டு ஆஃப்' என்று இருந்தாலும் பிடித்து வைப்பது நல்லது.

பழகும் விதம்

வாரத்துக்கு 2 வினை போதும். ஒன்றை எடுத்து எல்லா மோடலிலும் ஓட்டிப் பாருங்கள், வாய்விட்டு. 'வீ கேன் புட் இட் ஆஃப்', 'வீ மே ஹேவ் டு புட் இட் ஆஃப்', 'வீ ஷுட் புட் இட் ஆஃப்', 'வீ மஸ்ட் நாட் புட் இட் ஆஃப்', 'வீ ஷுட் ஹேவ் புட் இட் ஆஃப்'. ஒவ்வொன்றையும் சொல்லும்போது தமிழில் அது என்ன லாம், என்ன ணும் என்று மனதில் ஓட்டுங்கள். 'இட்' வரும் இந்த வாக்கியங்களில் கடைசி 'ஆஃப்' மீது அழுத்தம் விழ வேண்டும். அதை விழுங்கினால் கேட்பவருக்கு வினை பாதிதான் போய்ச் சேரும். அந்த வாரம் முழுக்க எம்ஆர்டி ரயிலிலும் கடையிலும் அந்த வினையைத் தேடுங்கள். கேட்ட வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதுங்கள், யார், யாரிடம், எந்த நிலைமையில் சொன்னார் என்பதோடு.

பம்புத் தம்பியின் நோட்டு இப்போது மூன்றாவது. போன ஞாயிறு வகுப்புக்கு அரை மணி முன்னால் அவரிடமிருந்து எனக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தது: "அக்கா, ஐ மே ஹேவ் டு ஸ்டே பேக் டுடே. குட் யூ ஸ்டார்ட் வித்தவுட் மீ? ஐ வில் கேட்ச் அப்."